செல்ஃப் எடுக்காத வண்டி

வண்டி ஓட்டத் தெரியாதவன் வண்டியைப் பற்றி எழுத வந்தால் அன்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஓட்டுவது வேறு, ஓடாததற்குக் காரணம் தேடுவது வேறு. முன்னதற்கு லைசென்ஸ் வேண்டும்; பின்னதற்குப் பொறுமை இருந்தால் போதும். பௌதிகம் படிக்கும் எனக்கு முதலாவது இல்லை. இரண்டாவது சிறிதளவு உண்டு என்று நம்புகிறேன். "கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பதினொன்று வந்துவிட்டன" என்று இம்மலரின் ஆசிரியர் கையெடுத்துக் கும்பிட்டபோது, சென்ற மார்கழிக் கடைசியில் முனிர்காவில் நின்றுபோன ஒரு பழைய வேனைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அந்த வேனின் இட்டலியை உண்ணாத தமிழ் மாணவர் இவ்வளாகத்தில் சிலரே இருப்பர். ஆகவே இது பொதுநலன் பற்றிய கட்டுரையே ஆகும்.

வண்டியின் எஞ்சினை முதன்முதல் சுழற்றிவிடும் மின்மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் என்று பெயர். ஆனால் மதுரையிலும் சரி, தில்லியின் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளிலும் சரி, அப்படிச் சொல்லிக் கேட்டால் சற்று விழிப்பார்கள். "செல்ஃப்" என்றால்தான் உடனே புரியும். தானாகக் கிளப்பும் கருவி என்னும் ஆங்கிலப் பெயரில் 'தானாக' என்ற தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடலை வெட்டிவிட்டனர் நம் நாட்டு மெக்கானிக்குகள். வடக்கும் தெற்கும் ஒரே சொல்லில் உடன்படும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

அந்தத் 'தானாக' என்ற சொல்லுக்குப் பின்னே முறிந்த கைகள் பல உண்டு. முற்காலத்தில் காரின் முன்புறம் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். எஞ்சின் திடீரென்று எதிர்ப்புறமாக உதைத்தால் சுற்றுபவர் மணிக்கட்டு போயிற்று. உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாஸிடர் கார்களின் பழைய வகைகளிலும் அந்தக் கைப்பிடிக்கு ஒரு துளை விட்டிருந்தார்கள். மின்சாரத்தால் கிளப்பும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. அவர் அதற்கு முன்னர் டேட்டன் நகரில் நாஷனல் காஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கடைக்காரர்கள் பணம் போடும் இயந்திரத்தைக் கைப்பிடி சுற்றாமல் ஒரு சிறு மோட்டாரால் இயக்க வழி கண்டவர். கல்லாப்பெட்டிக்கும் காருக்கும் என்ன உறவு என்கிறீர்களா? இரண்டிலும் மோட்டாருக்குச் சில நொடி வேலைதான். பிறகு நீண்ட ஓய்வு. நாள் முழுவதும் ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருந்தே தீர வேண்டும். சில நொடிக்கு மட்டும் என்றால் சிறிய மோட்டாருக்குள் அளவுக்கு மீறிய மின்சாரத்தைப் பாய்ச்சலாம். சூடேறி எரிவதற்குள் வேலை முடிந்துவிடும். இந்த ஒரு யோசனைதான் செல்ஃபின் உயிர். சென்னையை அடுத்த பாடியில் 1961-இல் ஏற்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். ஆலை செய்யும் மோட்டார்களும் இந்தத் தத்துவத்தின் பிள்ளைகளே.

அளவுக்கு மீறிய மின்சாரம் என்றேனே, எவ்வளவு என்று பார்ப்போம். நம் விடுதி அறையின் மின்விசிறி எடுப்பது ஏறக்குறைய ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. சிறிய காரின் செல்ஃப், நின்ற நிலையிலிருந்து புறப்படும் அந்தக் கணத்தில், சில நூறு ஆம்பியர் கேட்கும். மோட்டார் சுழலத் தொடங்கியதும் அதற்குள்ளேயே எதிர் மின்னழுத்தம் பிறந்து மின்சாரத்தை நூறு நூற்றைம்பதுக்குக் குறைத்துவிடும். சுழலாமல் முக்கிக்கொண்டு நிற்கும்வரை அந்த எதிர்ப்பு இல்லை. தேர் இழுக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலையிலிருந்து முதல் அடி பெயர்க்கத்தான் ஊர் முழுவதும் வடம் பிடிக்க வேண்டும்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். வழியில் எங்கோ ஒரு திருகாணி துருப்பிடித்து ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறிக்கு அது இருப்பதே தெரியாது. 150 ஆம்பியர் ஓடும் வழியிலோ அது ஒன்றரை வோல்ட்டை விழுங்கும். நூறில் ஐந்து பங்கானால் மோட்டாருக்கு எச்சில்தான் கிடைக்கும். இருப்பதோ பன்னிரண்டு வோல்ட்.

நிற்க. வேனுக்கு வருவோம்.

முனிர்காவில் ஒரு மதுரைக் குடும்பம். அண்ணன் மாவரைத்து அடுப்படியைப் பார்ப்பவர். அக்காதான் வண்டி ஓட்டுபவர். விடியற்காலை நான்கு மணிக்கு இட்டலிப் பாத்திரங்களையும் சாம்பார்க் குடத்தையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், நம் வளாகத்து வாயிலில் ஒரு மணி நேரம், ராமகிருஷ்ணபுரத்து அலுவலகம் ஒன்றின் எதிரே இரண்டு மணி நேரம். ஒன்பதரைக்கு வியாபாரம் முடிந்துவிடும். அந்த வேன் நின்றால் அன்றைய மாவு புளித்துப் போகும். அவ்வளவுதான் அவர்களுடைய பொருளாதாரம். அது பல நாட்களாக நின்று நின்று கிளம்பிக்கொண்டிருந்தது. சாவியைத் திருகினால் "டக்" என்று ஒரே ஓசை, பிறகு மௌனம். நம் விடுதித் தோழர்கள் நால்வர் தள்ளிவிட்டால் இரண்டாவது கியரில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். தள்ளியவர்களுக்கு ஆளுக்கு ஒரு வடை இலவசம். தோழர்களைப் பொறுத்தவரை இது நல்ல ஏற்பாடு. நால்வரும் நான்கு மணிக்கு விழித்திருக்க வேண்டும் என்பதே சிக்கல்.

வண்டியை ஒரு பணிமனையில் காட்டினார்கள். அங்கிருந்தவர் சாவியைத் திருகி ஓசையைக் கேட்டு, முன்விளக்கைப் போட்டுப் பார்த்து, "விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃப் போய்விட்டது, 4,500 ரூபாய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை; பத்தில் பல முறை அந்தத் தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கும். ஆனால் 4,500 ரூபாய் என்பது பொங்கலுக்கு மூவர் ஊருக்குப் போய்வர ஒதுக்கி வைத்த பணம். "தம்பி, நீ படிக்கிறது கரண்டுப் படிப்புதானே? பணத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துச் சொல்லேன்" என்றார் அக்கா. நான் படிப்பது கரண்டுப் படிப்பு அன்று என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

குளிர்தான் காரணம் என்று தெருவே சொல்லிற்று. தில்லியில் மார்கழி தை மாதங்களில் எது நின்றாலும் பழி குளிர்மேல். பழியில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதிகாலையில் நான்கைந்து டிகிரிக்கு இறங்கும்போது பேட்டரிக்குள் இரசாயன மாற்றம் மந்தமாகிறது. எஞ்சின் எண்ணெயும் கெட்டிப்படுகிறது. பிச்சைக்காரன் வாசலில் பிச்சைக்காரன் நின்ற கதை. ஆனால் நண்பகல் வெயிலிலும் அதே "டக்" கேட்டதே! ஆகவே குளிரை விடுதலை செய்தேன்.

தள்ளினால் கிளம்புகிறது என்பது அடுத்த சாட்சி. எஞ்சின் இறுகிப் போகவில்லை, பெட்ரோலும் தீப்பொறியும் ஒழுங்காக வருகின்றன என்று அது சொல்லிவிடுகிறது. குற்றவாளி, பேட்டரியிலிருந்து செல்ஃப் வரை போய்த் திரும்பும் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறான். ஓசையும் ஒரு சாட்சிதான். ஓசையே இல்லையென்றால் சாவி, ரிலே, சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய கம்பி ஆகியவற்றில் தேட வேண்டும். "டகடகடக" என்று மழை பெய்தால் பெரும்பாலும் பேட்டரி சோர்ந்திருக்கும். "விர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால், பல்சக்கரத்தை முன்னே தள்ளிக் கோத்துவிடும் பெண்டிக்ஸ் பழுது. ஒரே ஒரு உறுதியான "டக்" என்றால், சாலினாய்டு தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்கு அப்பால் பெரிய மின்சாரம் போகவில்லை. போகாததற்கு மோட்டாரும் காரணமாகலாம், மோட்டாருக்கு வரும் வழியும் காரணமாகலாம், அங்கிருந்து திரும்பும் வழியும் காரணமாகலாம். இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் கடையில் வாங்கிய சரக்கு அன்று, கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவதற்கு. புறப்பட்ட இடத்துக்கு அது திரும்பியாக வேண்டும்.

முன்விளக்குச் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேனில் பேட்டரியின் எதிர்முனை, வண்டியின் உடற்கூட்டோடு இணைந்திருக்கிறது. உடற்கூட்டிலிருந்து எஞ்சினுக்குத் தனியாகப் பின்னல் செப்புப் பட்டை ஒன்று போகிறது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை ஒன்றே இரண்டுக்கும் பாலம். முன்விளக்கின் மின்சாரம் உடற்கூட்டோடு திரும்பிவிடும். அந்தப் பாலத்தின் பக்கமே அது போவதில்லை. செல்ஃப் மோட்டாரோ எஞ்சினோடு முடுக்கப்பட்டிருப்பது. அதன் மின்சாரம் முழுவதும் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். பாலம் இடிந்திருந்தாலும் விளக்கு பளிச்சென்று எரியும்.

முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். சால்வையையும் மப்ளரையும் கழற்றி வைத்தேன். (ஸ்குரூ டிரைவரால் சாலினாய்டின் இரண்டு முனைகளையும் குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவிடும் வீரர்கள் உண்டு, கியரில் இருக்கும் வண்டி அப்போது அவர்கள்மேலேயே பாய்ந்துவிடும். அந்த வீரம் நமக்கு வேண்டாம்.) முன் இருக்கையைத் தூக்கினால் அடியில் எஞ்சின். ஓம் அளக்கும் நிலையில் மீட்டரை வைத்துக் கம்பிகளைச் சோதித்தால் எல்லா இடத்திலும் "பீப்" என்று மகிழ்ச்சியோடு பாடும். என் மீட்டரால் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே பார்க்க முடியாது. தேடும் திருடனோ அதற்கும் சிறியவன். வேலை வாங்காமல் சோதித்தால் இங்கே எல்லாக் கம்பியும் நல்ல கம்பியே. ஆகவே அக்காவைச் சாவி திருகச் சொல்லி, அந்த மூன்று நொடிக்குள் எங்கெங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளந்தேன். ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு நிமிட ஓய்வு கொடுத்தோம்.

ஓய்வில் பேட்டரி 12.5 வோல்ட். சாவி திருகியபோது அதன் முனைகளில் 11.6. இந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. பேட்டரி சோர்ந்திருந்தால், அல்லது மோட்டார் இறுகிப்போய் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தால், இது பத்துக்கும் கீழே விழுந்திருக்கும். விழவில்லை என்றால் பெரிய மின்சாரம் ஓடவே இல்லை. எதுவோ குறுக்கே நிற்கிறது. மோட்டாருக்கு வந்து சேர்ந்தது 5.2. பேட்டரியின் நேர்முனையிலிருந்து மோட்டார்த் திருகாணி வரை 0.3 வோல்ட்தான் போயிற்று, அது குற்றமில்லை. எதிர்முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே வைத்தேன்: 6.1. மூன்றையும் கூட்டினால் 11.6. கணக்கு நேராயிற்று. முதலாண்டு வகுப்பில் கிர்ச்சாப் விதியைத் தூக்கக் கலக்கத்தில் எழுதிக்கொண்ட தோழர்கள், அது முனிர்காச் சந்தில் சாம்பார் மணத்துக்கு நடுவே கண்முன் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த 6.1-இல் பேட்டரிக்கும் உடற்கூட்டுக்கும் இடையே 0.1. உடற்கூட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே 6.0.

"அந்த நாடா மாதிரிப் பட்டையா?" என்று கேட்டார் அக்கா. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, செல்ஃப் அடிக்கிறப்பெல்லாம் ஆக்ஸிலேட்டர் கேபிள் சுடும். கால்கிட்ட ரப்பர் கருகின வாசனை வரும். அந்தப் பணிமனையிலயும் சொன்னேன். கேபிளுக்கும் செல்ஃபுக்கும் என்னம்மா சம்பந்தம்னு சிரிச்சாங்க."

சம்பந்தம் இருந்தது. பாலம் இடிந்தால் ஆறு கடக்க வேண்டியவன் கிடைத்த மூங்கிலைப் பிடித்துத் தொங்குவான். ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒரு முனையில் உடற்கூட்டையும் மறுமுனையில் எஞ்சினையும் தொடுகிறது. உள்ளும் உறையும் எஃகு. திரும்பும் வழி தேடிய மின்சாரம் அதன் வழியாகப் போய் அதைச் சுட்டிருக்கிறது. நான் மீட்டரை வைத்து ஒரு மணி நேரமாகத் தேடியதை அவருடைய கால்விரல் பல நாட்களாக அறிந்திருந்தது. ஓட்டுபவரைப் பேசவிட்டுக் கேட்டிருந்தால் மீட்டரே வேண்டியிருந்திராது. அவர் வாய்விட்டுச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்குச் சகிக்கவில்லை. பெண்பிள்ளை சொல்லும் வண்டிச் செய்தி அல்லவா!

அந்தச் சமயத்தில் சந்து முனையில் வண்டி மின்வேலை செய்யும் முதியவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். எல்லாரும் அவரை உஸ்தாத் என்பார்கள். என் எண்களை அவர் பார்க்கவே இல்லை. தம் பையிலிருந்து கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு ஜம்பர் கம்பியை எடுத்தார். ஒரு நுனியைப் பேட்டரியின் எதிர்முனையில் கவ்வவிட்டு, மறுநுனியை எஞ்சினின் வெற்று இரும்பில் கவ்வவிட்டு, "அடியுங்கள்" என்று சைகை காட்டினார். அரை நொடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணன் கையில் கரண்டியோடு வெளியே ஓடி வந்துவிட்டார்.

"அர்த் நஹீன் மில் ரஹா" என்றார் உஸ்தாத். எர்த் கிடைக்கவில்லை என்று நம் ஊரிலும் இதையே சொல்வார்கள். "மண் கிடைக்கலையாம்" என்று அக்கா அதைத் தமிழாக்கிவிட்டு, ஊருக்கு டிக்கெட் எடுக்காமல் இருப்பது நினைவுக்கு வந்தவர்போல் சிரித்தார்.

பட்டையைக் கழற்றினோம். உடற்கூட்டோடு சேரும் முனையில் பச்சையும் பழுப்புமாகக் களிம்பு. இரும்பும் செம்பும் சேர்ந்த இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்தால் அரிப்பு விரைவாகும். அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகிவிடுகிறது. உப்புக்கு அந்த வண்டியில் குறைவா என்ன? எத்தனையோ நாள் ததும்பிய சாம்பார் இருக்கையின் ஓரமாக வழிந்து அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பின்னலிலும் பாதி இழைகள் அறுந்து கிடந்தன. உஸ்தாத் தம் கடையிலிருந்து புதுப் பட்டை கொண்டுவந்தார். உப்புத்தாள் தேய்த்து இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். கூலியும் சேர்த்து 250 ரூபாய்; அண்ணன் கொடுத்த இரண்டு தோசையை உஸ்தாத் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி அளந்தபோது சாவி திருகும் நேரத்தில் பேட்டரி முனையில் 10.4 வோல்ட். முன்பு 11.6 அல்லவா, குறைந்துவிட்டதே என்று அண்ணன் பதறினார். குறைந்ததுதான் நல்லது, பேட்டரி இப்போதுதான் உண்மையாக உழைக்கிறது என்று விளக்கினேன். அவர் முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை. உடற்கூட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே ஆறு வோல்ட் நின்ற இடத்தில் பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே இருந்தது. எஞ்சினோடு இணைந்த ஆல்டர்னேட்டரும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் பேட்டரிக்கு ஊட்டம் கொடுக்கிறது. ஆகவே அதற்கும் இனிச் சற்று வயிறு நிறையும்.

இதில் இழப்பு அடைந்தவர்கள் நம் விடுதித் தோழர்கள் நால்வரே. வடை நின்றுபோயிற்று. அவர்களுள் ஒருவர் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மல்டிமீட்டர் என் அறையில்தான் இருக்கிறது. வேண்டுவோர் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் போடும் ஒன்பது வோல்ட் பேட்டரியை அவரவரே வாங்கி வர வேண்டும். சென்ற முறை கொண்டுபோனவர் அணைக்காமல் திருப்பித் தந்துவிட்டார்.